எழுந்து போன டிரம்மர்

2010 செப்டம்பரில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவை ஒட்டிய ஆல்ஃபரெட்டாவில் என் கல்லூரி நண்பன் வீட்டில் ஒரு வாரம் தங்கியிருந்தேன். நண்பனோடு ஒரு வாரம் என்று சொல்ல முடியாது. திங்கட்கிழமை விடியற்காலை நான்கரை மணிக்கே பெட்டியை உருட்டிக்கொண்டு ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிவிட்டான். ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு கம்பெனிக்கு கன்சல்டிங். வியாழக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்குத் திரும்பி வந்து, "எப்படிடா இருக்கே?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் சோபாவிலேயே தூங்கிவிட்டான்.

வெள்ளிக்கிழமை காலை அவன் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு போனில் மீட்டிங் நடத்திக்கொண்டிருந்தபோது, அவன் மனைவி காபியை என் முன்னால் வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"அண்ணா, நீங்களாவது சொல்லுங்களேன். போன வருஷம் ஸ்டென்ட் வெச்சாங்க. ஆறே வாரத்துல திரும்ப ஃப்ளைட் ஏறிட்டார். டாக்டர் சொன்னா தலையாட்டறார். நான் சொன்னா சண்டை. நீங்க சொன்னா கேப்பார்."

நண்பர்களின் மனைவிகளுக்கு நம்மீது இருக்கும் இந்த நம்பிக்கைக்கு எந்த ஆதாரமும் கிடையாது. இருந்தாலும், "கவலைப்படாதீங்கம்மா, பேசறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். எனக்கும் அவனுக்கும் அப்போது வயது 39.

மறுநாள் சனிக்கிழமை. அவனே ஆரம்பித்தான். "ஏதென்ஸ் போலாமாடா? ஒன்றரை மணி நேரம்தான்."

கிரேக்கத்து ஏதென்ஸ் இல்லை. அதே பெயரில் ஜார்ஜியாவில் ஒரு ஊர் இருக்கிறது. ஜார்ஜியா பல்கலைக்கழகம் இருக்கும் ஊர். எங்கள் இருவருக்கும் அது ஆர்.இ.எம். என்ற பேண்டின் ஊர். காரில் தனியாக மாட்டுவான், சொல்லிவிடலாம் என்று நானும் ஏறிக்கொண்டேன்.

அதற்கு முன்னால் ஒரு கேசட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

1992-ல் எங்கள் ஹாஸ்டல் டி.வி. ரூமுக்குக் கேபிள் வந்தது. கேபிளோடு எம்.டி.வி.யும் வந்தது. அதில் அடிக்கடி ஒரு பாட்டு போடுவார்கள். மாண்டலின் சத்தம். ஒல்லியான ஒரு ஆள் கையையும் காலையும் உதறிக்கொண்டு பாடுவார். 'லூஸிங் மை ரிலிஜன்'. மதத்தைத் தொலைத்தவனைப் பற்றிய பாட்டு என்று நாங்கள் ராத்திரி மெஸ்ஸில் உட்கார்ந்து கடுமையாக விவாதித்தோம். பல வருடங்கள் கழித்துத்தான் தெரிந்தது, அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அது பொறுமை எல்லை மீறிப்போவதைக் குறிக்கும் ஒரு வழக்காம். அந்த வீடியோவை இயக்கியவர் ஜலந்தரில் பிறந்த தர்செம் சிங் என்பதும், அதற்கு 1991-ல் எம்.டி.வி.யின் சிறந்த வீடியோ விருது கிடைத்தது என்பதும்கூட அப்போது தெரியாது.

நண்பன் எங்கிருந்தோ ஒரு டி.டி.கே. 90 கேசட்டில் அவர்களுடைய இரண்டு ஆல்பங்களைப் பதிவு செய்துகொண்டு வந்தான். ஒரு பக்கம் 1991-ல் வந்த 'அவுட் ஆஃப் டைம்'. மறுபக்கம் 1992-ல் வந்த 'ஆட்டோமேட்டிக் ஃபார் த பீப்பிள்'. கேசட்டின் ஒரு பக்கம் 45 நிமிஷம்தான் ஓடும். இரண்டாவது ஆல்பமோ கிட்டத்தட்ட 49 நிமிஷம். அதனால் கடைசிப் பாட்டு ஆரம்பிக்கும்போதே டேப் தீர்ந்து 'டக்' என்று பட்டன் எழும்பிவிடும். அந்த 'டக்' சத்தம்தான் ஆல்பத்தின் முடிவு என்று ஒரு வருஷம் நம்பியிருந்தோம்.

கேட்டவர்களில் எல்லோருக்கும் பாடகர் மைக்கேல் ஸ்டைப்பைப் பிடித்தது. நண்பனுக்கு மட்டும் டிரம்மரைப் பிடித்தது. காரணம், அவனே டிரம்மர். கல்லூரிக் கல்ச்சுரல்ஸில் வாசிப்பான். மற்ற நாட்களில் மெஸ் மேஜையில், பக்கெட்டில், என் முதுகில். பரீட்சை ஹாலில் பென்சிலால் தட்டி சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கியிருக்கிறான். "இந்தாளு ஒண்ணுமே பண்ணாத மாதிரி இருக்கும்டா. அவரை எடுத்துட்டுப் பாரு, பாட்டு பொத்துனு விழுந்துடும்" என்பான்.

அந்த ஒன்றுமே பண்ணாத ஆசாமியின் பெயர் பில் பெர்ரி.

அவர் கதையைத்தான் நண்பன் கார் ஓட்டிக்கொண்டே சொல்லிக்கொண்டு வந்தான். பாதி எனக்குத் தெரியும். மீதியை ஊருக்குத் திரும்பிய பிறகு தேடிப் படித்தேன். இரண்டையும் சேர்த்துத் தருகிறேன்.

பெர்ரி 1958-ல் மினசோட்டா மாநிலத்தில் பிறந்தவர். ஒன்பது வயதில் டிரம்ஸ் பழகத் தொடங்கினார். பள்ளி வயதில் குடும்பம் ஜார்ஜியாவில் உள்ள மேக்கன் என்ற ஊருக்கு வந்தது. அந்தப் பள்ளியில் மைக் மில்ஸ் என்று ஒரு நன்றாகப் படிக்கும் பையன். பெர்ரிக்கு அவனைக் கண்டாலே ஆகாது. ஒருநாள் யாரோ வாசிக்கக் கூப்பிட்டார்கள் என்று போய் டிரம்ஸை எல்லாம் மாட்டி முடித்தபின், பேஸ் கிட்டாரோடு உள்ளே நுழைந்தது அதே மில்ஸ். கிட்டார் என்றால் உறையில் போட்டுக்கொண்டு உடனே வெளியேறிவிடலாம். டிரம்ஸைக் கழற்ற அரை மணி நேரம் ஆகும். சரி போகட்டும் என்று உட்கார்ந்து வாசித்தார். அன்று தொடங்கிய நட்பு இன்றுவரை இருக்கிறது. சில உறவுகள் சோம்பேறித்தனத்தில் பிழைக்கின்றன.

மேக்கனில் இசைக்குழுக்களுக்கு நிகழ்ச்சி ஏற்பாடு செய்யும் ஓர் ஏஜென்ஸியில் பெர்ரி எடுபிடி வேலை பார்த்தார். ஏர்போர்ட்டுக்குப் போய் ஆட்களை அழைத்து வருவதும் அதில் அடக்கம். அங்கே வேலைக்கு வந்தவர் இயன் கோப்லண்ட். அவருடைய ஒரு சகோதரர் 'போலீஸ்' பேண்டின் டிரம்மர். இன்னொரு சகோதரர் ஐ.ஆர்.எஸ். என்ற ரிக்கார்டு கம்பெனியின் முதலாளி. பின்னாளில் ஆர்.இ.எம்.மின் முதல் ஆல்பங்கள் அந்தக் கம்பெனியில்தான் வந்தன. எடுபிடி வேலையைக் கேவலமாக நினைக்காதீர்கள்.

பிறகு பெர்ரியும் மில்ஸும் படிப்பதற்காக ஏதென்ஸ் வந்தார்கள். அங்கே ரிக்கார்டு கடையில் வேலை பார்த்த பீட்டர் பக், அந்தக் கடைக்கு வாடிக்கையாக வந்துபோன ஓவிய மாணவர் மைக்கேல் ஸ்டைப் இருவரையும் சந்தித்தார்கள். கைவிடப்பட்ட ஒரு பழைய சர்ச் கட்டடம் அப்போது மாணவர்கள் வாடகைக்குத் தங்கும் இடமாகியிருந்தது. 1980 ஏப்ரல் 5-ம் தேதி அங்கே ஒரு தோழியின் பிறந்தநாள் பார்ட்டி. நான்கு பேரும் முதல்முதலாகக் கூட்டத்தின் முன் வாசித்தது அங்கேதான். பேண்டுக்குப் பெயர்கூட வைத்திருக்கவில்லை.

நாங்கள் போய் நின்றது அந்த இடத்தில்தான். சர்ச்சை 1990-ல் இடித்துவிட்டார்கள். கோபுரம் மட்டும் செங்கல்லும் சிதிலமுமாகத் தனியாக நிற்கிறது. சுற்றிலும் அடுக்குமாடி வீடுகள். நண்பன் கோபுரத்தைச் சுற்றி வந்தான். செங்கல்லில் இரண்டு விரலால் தாளம் தட்டினான். போட்டோ எடுக்கச் சொன்னான். போட்டோவில் அவனுக்கு வயது இருபத்தொன்று மாதிரி இருந்தது.

இந்த இடத்தில் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை.

'ஆல்டர்நேட்டிவ் ராக்' என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். பெரிய ரேடியோக்கள் போடாத பாட்டு, பெரிய கம்பெனிகள் சீந்தாத பேண்டுகள், கல்லூரி மாணவர்கள் நடத்தும் ரேடியோக்களில் பரவிய இசை, இதற்கெல்லாம் பின்னால் வந்த பொதுப் பெயர் அது. அந்தச் சாலையைப் போட்டவர்களில் ஆர்.இ.எம். முக்கியமானவர்கள். ஒரு பழைய நீல நிற வேனில் ஊர் ஊராகப் போனார்கள். சாப்பாட்டுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 2 டாலர். 1983-ல் அவர்களுடைய முதல் முழு ஆல்பம் 'மர்மர்' வந்தபோது, 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை அதை ஆண்டின் சிறந்த ஆல்பமாகத் தேர்ந்தெடுத்தது. அந்த வருடம் போட்டியில் இருந்தது மைக்கேல் ஜாக்ஸனின் 'த்ரில்லர்'.

ஒரு விஷயத்தில் இவர்கள் வித்தியாசமானவர்கள். யார் எழுதினாலும், யார் மெட்டுப் போட்டாலும், பாட்டின் கீழே நான்கு பெயர்களும் அகர வரிசையில் வரும். பணமும் நான்கு பங்கு. அகர வரிசையில் பெர்ரியின் பெயர்தான் முதலில். டிரம்மர் பெயர் முதலில் வரும் பேண்ட் ரொம்ப அபூர்வம்.

ஏனென்றால் இந்தப் பேண்டுகளில் அடிக்கடி ஆள் மாறும் நாற்காலி டிரம்மருடையதுதான். பேர்ல் ஜாம் பேண்டில் 1990-ல் தொடங்கி 2025 வரை ஐந்து டிரம்மர்கள் உட்கார்ந்து எழுந்திருக்கிறார்கள். நிர்வாணாவில் பலர் வந்துபோன பிறகு 1990-ல் டேவ் க்ரோல் வந்தார். 1994-ல் கர்ட் கோபேன் இறந்ததும், க்ரோல் டிரம்ஸை விட்டு எழுந்து கிட்டாரை மாட்டிக்கொண்டு மேடையின் முன்னால் வந்துவிட்டார். ஃபூ ஃபைட்டர்ஸ் பிறந்தது. டிரம்மர் என்றால் ஒன்று, மாற்றப்படுவார். இல்லையென்றால் முன்னால் வந்துவிடுவார். பெர்ரி 17 வருடம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

நம் கச்சேரிகளில் மிருதங்கக்காரருக்குத் தனி ஆவர்த்தனம் என்று ஒரு மரியாதை உண்டு. பாடகர் ஒதுங்கி உட்கார்ந்து தாளம் போடுவார். சபா ரசிகர்கள் அந்த நேரம் பார்த்து கேன்டீனுக்குப் போவார்கள் என்பது வேறு விஷயம். ஆர்.இ.எம். ஆல்பங்களில் டிரம்ஸுக்கு அப்படி ஒரு இடத்தைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். பாட்டு நீண்டுகொண்டே போனால் 'இது போதும், வெட்டு' என்று சொல்வது பெரும்பாலும் பெர்ரிதான் என்று மற்றவர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

'எவ்ரிபடி ஹர்ட்ஸ்' என்று அவர்களுடைய பாட்டு ஒன்று. மனசு உடைந்துபோன இளைஞர்கள், இன்றைக்கு ஒருநாள் தாக்குப்பிடி என்று எடுத்துக்கொள்வதற்காகவே மிக எளிமையாக எழுதப்பட்டது. ஹைட்டி நாட்டில் 2010 ஜனவரியில் பூகம்பம் வந்தபோது, பிரிட்டனில் நிதி திரட்ட இந்தப் பாட்டைத்தான் பல பாடகர்கள் சேர்ந்து பாடினார்கள். அந்தப் பாட்டின் இசையில் பெரும்பகுதி பெர்ரி உருவாக்கியது. ஆனால் அதில் தாளத்தைத் தட்டிக்கொண்டிருப்பது ஒரு சாதாரண டிரம் மெஷின். பாட்டுக்குத் தன் கை தேவையில்லை என்றால் டிரம்மரே கையை எடுத்துவிடுகிறார். நண்பன் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்துக் காட்டியபடி இதைச் சொன்னான். "ரெண்டு கையாலயும் பிடிடா" என்றேன்.

1995 மார்ச் 1-ம் தேதி. ஸ்விட்சர்லாந்தில் லொசான் நகரம். ஐந்தாறு வருடம் கழித்துப் பெரிய சுற்றுப்பயணம் கிளம்பியிருந்தார்கள். நிகழ்ச்சியின் நடுவே பெர்ரிக்குத் திடீரென்று பயங்கரத் தலைவலி. வாசிக்க முடியாமல் மேடையிலிருந்து இறங்கினார். அன்று அவர்களுக்கு முன்னால் வாசித்த 'கிராண்ட் லீ பஃபலோ' பேண்டின் டிரம்மர் உட்கார்ந்து நிகழ்ச்சியை முடித்துவைத்தார்.

முதலில் ஒற்றைத் தலைவலி என்றுதான் நினைத்தார்கள். பரிசோதித்தபோது மூளையில் அனியூரிஸம் வெடித்திருந்தது தெரிந்தது. ரத்தக்குழாயின் சுவர் ஓர் இடத்தில் மெலிந்து பலூன் மாதிரி உப்பும். பெரும்பாலும் வலி எதுவும் இருக்காது, தெரியவே தெரியாது. சிலருக்கு ஒருநாள் வெடிக்கும். வெடித்தால் பலர் ஆஸ்பத்திரி போய்ச் சேருவதில்லை. பெர்ரிக்கு அங்கேயே மண்டையோட்டைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். பிழைத்தார். வயது 36.

அவர் என்ன செய்தார் தெரியுமா? அந்த மே மாதமே மறுபடி மேடையில் உட்கார்ந்து வாசித்தார். இரண்டரை மாதம்தான். அதே பயணத்தில் மில்ஸுக்கு வயிற்றில் ஒரு ஆபரேஷன், ஸ்டைப்புக்கு ஹெர்னியா ஆபரேஷன். ஆனாலும் பயணத்தை முடித்தார்கள். முடித்தது மட்டுமில்லை, போகிற வழியிலேயே அடுத்த ஆல்பத்துக்கான பாடல்களைப் பதிவு செய்துகொண்டே போனார்கள்.

"ஆறே வாரம்" என்று நண்பனின் மனைவி சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. நண்பனுக்கும் வந்திருக்க வேண்டும். கொஞ்ச தூரம் பேசாமல் ஓட்டினான்.

1996 ஆகஸ்ட்டில் வார்னர் கம்பெனியோடு புதிய ஒப்பந்தம் போட்டார்கள். ஐந்து ஆல்பங்கள். 8 கோடி டாலர் என்று பத்திரிகைகள் எழுதின. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 280 கோடி ரூபாய். அதுவரை எந்தப் பேண்டுக்கும் கிடைக்காத தொகை என்றார்கள்.

அடுத்த வருடம், 1997 அக்டோபர் 30-ம் தேதி, பில் பெர்ரி பேண்டை விட்டு விலகுவதாக அறிவிப்பு வந்தது. சண்டை இல்லை. போதை இல்லை. தனி ஆல்பம் போடும் ஆசையும் இல்லை. ஒன்பது வயதிலிருந்து டிரம்ஸ் வாசிக்கிறேன், பழைய உற்சாகம் இப்போது இல்லை, வாழ்க்கையில் வேறு ஏதாவது செய்ய வேண்டும் என்றார். வயது 39.

இதில் ஒரு முடிச்சு இருந்தது. நால்வரில் ஒருவர் போனாலும் பேண்டைக் கலைத்துவிடுவோம் என்று அவர்கள் வருடக்கணக்காகப் பேட்டிகளில் சொல்லி வந்திருந்தார்கள். அதனால் பெர்ரி நண்பர்களிடம் ஒரு நிபந்தனை வைத்தார். 'நான் போனால் பேண்ட் உடையும் என்றால் நான் போகவில்லை. நீங்கள் தொடர்வதாக இருந்தால் மட்டும் போகிறேன்.' மற்ற மூவரும் தொடர ஒப்புக்கொண்டார்கள். அதன் பிறகுதான் எழுந்தார்.

நேராக ஏதென்ஸுக்கு வெளியே இருந்த தன் பண்ணைக்குப் போனார். என்ன விளைவித்தார் என்கிறீர்கள்? மாட்டுக்கும் குதிரைக்கும் போடுகிற தீவனப் புல். விதைத்து, அறுத்து, காயவைத்து, கட்டுக் கட்டி விற்கிற வேலை. ஆயிரக்கணக்கான பேர் கை தட்டிய மனிதர் டிராக்டரில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

இந்த இடத்தில் நண்பன் காரை ஒரு காபிக் கடையில் நிறுத்தினான். எனக்கு நல்ல நேரம் வந்துவிட்டது என்று தோன்றியது. தொண்டையைச் செருமினேன். அதற்குள் அவனே முந்திக்கொண்டான்.

"நீ என்ன சொல்ல வர்றேன்னு தெரியும். அவ சொல்லித்தானே கேக்கறே?"

"அப்படியெல்லாம்…"

"விடுடா. பெர்ரி எட்டு கோடி டாலர்ல கையெழுத்துப் போட்டவன். நான் முப்பது வருஷ மார்ட்கேஜ்ல கையெழுத்துப் போட்டவன். பையன் காலேஜ் போகணும். ஊர்ல அம்மாவுக்கு மாசாமாசம் அனுப்பணும். புல்லு வெட்டறதுன்னா என் வீட்டு வாசல்ல இருக்கிற புல்லைத்தான் வெட்டணும்."

என்னிடம் பதில் இல்லை. அவன் சொன்னது நியாயம். 'பணத்தை விட்டுத் துணிந்து வெளியே வா' என்று வாராவாரம் பத்திரிகையில் எழுதுவது எளிது. எழுதுகிறவனே சம்பளம் வரும் தேதியைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

காபியைப் பாதி குடித்தபின், என்னைப் பார்க்காமல், கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டு அவன் சொன்னான்:

"பணம்கூட ஒரு சாக்குதான்டா. ஸ்டென்ட் வெச்சுப் படுத்திருந்தேன்ல, ஆறு வாரம்? முதல் வாரம் ஆபீஸ்லேர்ந்து நாப்பது போன் வந்தது. ரெண்டாவது வாரம் பத்து. நாலாவது வாரம் ஒண்ணுகூட வரலை. புராஜெக்ட் பாட்டுக்கு ஓடிட்டிருந்தது. எனக்கு ஆபரேஷன் பயம் இல்லைடா. அந்த நாலாவது வாரம்தான் பயம். அதான் ஓடிப் போய் ஃப்ளைட் ஏறினேன்."

பெர்ரியின் நிபந்தனையை அதற்கு முன் நூறு தடவை கேட்டிருப்பேன். அன்றைக்குத்தான் அதில் இருக்கும் கஷ்டம் உறைத்தது. நாம் எல்லோரும் ராஜினாமாக் கடிதம் எழுதும்போது, உள்ளுக்குள் ஒரு சின்ன ஆசை வைத்திருக்கிறோம். நாம் போனதும் அந்த இடம் ஆட்டம் காண வேண்டும், ஒரு வாரமாவது தவிக்க வேண்டும், 'ஐயோ, அவர் இருந்தப்போ' என்று யாராவது சொல்ல வேண்டும். வீட்டிலும் இதே கதைதான். 'நான் இல்லாட்டி இந்த வீடு என்ன ஆகும்?' என்று கேட்காத தாத்தா உண்டா? பெர்ரியோ, நான் இல்லாமல் நீங்கள் நன்றாக நடக்க வேண்டும், அந்த உறுதியைக் கொடுத்தால்தான் போவேன் என்றார். எட்டு கோடி டாலரை விடுவதைவிடக் கடினமான காரியம் இதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

திரும்பும்போது நான்தான் கேட்டேன். "அவர் பண்ணை இந்தப் பக்கம்தானே எங்கேயோ இருக்கு? தேடிப் பாக்கலாமா?"

"வேணாம்டா. யாரும் பாக்க வேணாம்னுதானே போனான்" என்றான்.

காரில் 'ஆட்டோமேட்டிக்' சி.டி. ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் கேசட்டில் விடுபட்ட கடைசிப் பாட்டு வந்தது. 'ஃபைண்ட் த ரிவர்'. அதில் பின்குரல் பாட மில்ஸும் பெர்ரியும் ஒருவர் பாடியதை மற்றவர் கேட்காமலே தனித்தனியாகப் பதிவு செய்தார்களாம். மில்ஸின் குரல் உருகும். பெர்ரியின் குரல் அடங்கி, அடியில் ஓடும். இரண்டையும் சேர்த்தபோது பொருந்திவிட்டது. நாலு நிமிஷப் பாட்டு. இருவரும் ஒன்றும் பேசவில்லை. 'டக்' என்று சத்தம் வருமோ என்று எனக்கு மட்டும் ஒரு எதிர்பார்ப்பு இருந்தது. வரவில்லை. பாட்டு தானாக முடிந்தது.

மீதிக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

மூன்று கால் நாயும் நாய்தான், வேறு விதமாக ஓடக் கற்றுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் என்ற அர்த்தத்தில் ஸ்டைப் அப்போது ஒன்று சொன்னார். கற்றுக்கொள்வது சுலபமாக இல்லை. 1998-ல் வந்த அடுத்த ஆல்பம் 'அப்' தயாராவதற்குள் மூவரும் கிட்டத்தட்டப் பிரிந்தே போயிருந்தார்கள். பிறகு சமாளித்தார்கள். வெவ்வேறு டிரம்மர்கள் வந்து வாசித்தார்கள். ஆனால் நான்காவது உறுப்பினராக யாரையும் சேர்க்கவில்லை. பெர்ரி விலகி 14 வருடம் ஓடி, 2011 செப்டம்பர் 21-ம் தேதி பேண்டை நிறுத்துவதாக அறிவித்தார்கள். அன்றைக்கு நண்பன் ஏதோ ஒரு ஏர்போர்ட்டிலிருந்து போன் பண்ணினான். "நிறுத்திட்டாங்கடா. சண்டை கிண்டை ஒண்ணும் இல்லையாம்" என்றான். பின்னணியில் விமான அறிவிப்பு கேட்டது.

பெர்ரியை ஞானியாக்கிவிட எனக்கு விருப்பம் இல்லை. பிற்பாடு ஒரு பேட்டியில் அவரே, விலகிய நேரத்தில் வருத்தம் இல்லை, அப்புறம் கொஞ்சம் இருந்தது என்று ஒத்துக்கொண்டார். அறுபது வயதைத் தாண்டி, ஏதென்ஸ்காரர்கள் சிலரோடு சேர்ந்து 'த பேட் எண்ட்ஸ்' என்ற சின்னப் பேண்டில் மறுபடி டிரம்ஸ் வாசித்தார். 2023 ஜனவரியில் அவர்கள் ஆல்பம் வந்தது. எழுந்து போனவருக்கும் நாற்காலி ஞாபகம் வரத்தான் செய்யும்.

நண்பன் கதை? டாக்டர் சொல்லி, மனைவி சொல்லி நிற்காத திங்கட்கிழமை விமானம், 2020 மார்ச்சில் கொரோனா வந்ததும் நின்றது. விமானங்கள் திரும்பப் பறக்க ஆரம்பித்தபோது ஆபீஸில் கூப்பிட்டார்கள். இனி ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டான். சம்பளம் குறைந்தது. யாரும் பெரிதாகத் தவிக்கவில்லை. "ரெண்டாவது வாரமே போன் நின்னுடுச்சுடா" என்றான் சிரித்துக்கொண்டே. பழைய டிரம்ஸ் செட் ஒன்று வாங்கி கராஜில் போட்டிருக்கிறான். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் வாசிக்கிறான். பக்கத்து வீட்டுக்காரர் அதற்கு மேல் சம்மதிக்கவில்லை.

2024 ஜூன் 13-ம் தேதி நியூயார்க்கில் ஆர்.இ.எம்.முக்குப் பாடலாசிரியர்களுக்கான பெரிய கௌரவம் ஒன்றைக் கொடுத்தார்கள். பல வருடங்களுக்குப் பிறகு நால்வரும் ஒரே மேடையில் ஒரு பாட்டு வாசித்தார்கள். 'லூஸிங் மை ரிலிஜன்'. நண்பன் அந்த வீடியோவை எனக்கு அனுப்பி, கீழே ஒரே ஒரு வரி எழுதியிருந்தான்: 'நாலு பேரும் இருக்காங்கடா.'

அன்றைக்கே அவன் மனைவியிடமும் பேசினேன். "அண்ணா, நீங்க அன்னிக்கு ஏதென்ஸ் கூட்டிட்டுப் போய் எடுத்துச் சொன்னீங்களே, லேட்டானாலும் அது வேலை செஞ்சுதுண்ணா" என்றார்.

நான் அன்றைக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்பதை இதுவரை அவரிடம் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வார்.